மதுவும் மூளையின் பட்டினியும்

திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே சூது என்னும் ஒரே அதிகாரந்தான் நிற்கின்றது. குடியைக் கடிந்துரைத்த அதே பேராசான், நோயும் மருத்துவமும் பற்றியும் அதை அடுத்துச் சிந்தித்திருப்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். குடியைக் கண்டிக்கும் நா நம்மிடையே நிரம்ப உண்டு; குடியால் நோயுற்றவனை நோயாளியாகக் காணும் கண் அந்த அளவிற்கு இல்லை. காப்பாற்றக்கூடிய மூளைகள் பல காப்பாற்றப்படாமற் போவதற்கு இக்குறையும் ஒரு காரணமாகும்.

மதுவினால் வரும் கேடு என்றதும் கல்லீரலே நம் நினைவிற்கு வருகின்றது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி ஆகியன கண்ணுக்குத் தெரிவன; ஆகவே அவற்றைப் பலரும் அறிவர். மூளையில் நிகழும் ஒரு கேடோ அத்துணை எளிதில் புலப்படுவதில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவரிடம் போதை தெளிந்த பின்னும் தெளியாத ஒரு மயக்கம் தோன்றுவதுண்டு. குடியாத நாளிலும் கால்கள் தள்ளாடும்; கண்கள் நிலை கொள்ளா; பேச்சு தடம் மாறும். ‘இன்னும் போதை இறங்கவில்லை’ என்று சுற்றத்தார் திண்ணையில் படுக்க வைத்து விடுவர். உண்மையில் அவரது மூளை அப்போது பட்டினியால் அழிந்துகொண்டிருக்கக்கூடும். அப்பட்டினியை நீக்க வல்லது சிறிதளவு உயிர்ச்சத்தே. அவ்வுயிர்ச்சத்து யாது, மது அதனை எங்ஙனம் பறிக்கின்றது, பறித்தபின் மூளையில் நிகழ்வது என்ன என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூளையின் எரிபொருள்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது 2 விழுக்காடே. ஆயினும் நாம் அசையாது அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை மூளை ஒன்றே பயன்படுத்திக் கொள்கின்றது. நாம் உறங்கும்போதும் அதன் செலவு பெரிதும் குறைவதில்லை. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கும், ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் தம் மின்நிலையை மீட்டுக் கொள்வதற்கும் இடையறாத ஆற்றல் வேண்டும்.

இவ்வாற்றலுக்கு மூளை பெரும்பாலும் நம்பியிருப்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையையே. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் மூளைக்குத் தேவைப்படுகின்றது. தசைகளும் கல்லீரலும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் வடிவில் சேமித்து வைக்கின்றன. மூளைக்கு அத்தகைய பெருஞ்சேமிப்பு இல்லை. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் உலை வைக்கும் குடும்பத்தைப் போன்றது அதன் நிலை.

அணுவுக்குள் நுழைந்த குளுக்கோஸ் இரண்டு கட்டங்களில் எரிக்கப்படுகின்றது. முதற்கட்டத்தில், ஆக்சிஜனின் துணையின்றியே, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாக உடைகின்றது. இதில் கிடைக்கும் நிகர ஆற்றல் மிகச் சிறிது. உடலின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டே மிஞ்சுகின்றன. இரண்டாம் கட்டம் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் நிகழ்வது. அங்கே பைருவேட் முதலில் அசெட்டைல் கோ-என்சைம் ஏ என்னும் பொருளாக மாறி, பின் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் புகுந்து முற்றிலும் எரிகின்றது. இவ்விரு கட்டங்களும் நிறைவுற்றால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கும். இரண்டிற்கும் முப்பதிற்கும் உள்ள இடைவெளியே, மூளை வாழ்வதற்கும் மாய்வதற்கும் உள்ள இடைவெளியாகும்.

தயமினின் பணி

முதற்கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்திற்குச் செல்லும் வாயிலில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி நிற்கின்றது. இந்நொதி தனித்து இயங்க வல்லதன்று. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்திலிருந்து உண்டாகும் தயமின் பைரோபாஸ்பேட் என்னும் துணைநொதி அதனுடன் இணைந்திருத்தல் வேண்டும். வாயிலைக் கடந்தபின், சிட்ரிக் அமிலச் சுழற்சியின் நடுவே ஆல்பா கீட்டோகுளுடரேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் மற்றொரு நொதியும் இதே துணைநொதியை நாடி நிற்கின்றது. டிரான்ஸ்கீட்டோலேஸ் என்பது மூன்றாவது நொதி. இது சர்க்கரையை வேறொரு வழியிற் செலுத்தி, அணுக்கள் தம்மைப் புதுப்பித்துக் கொள்வதற்கும் நச்சுப் பொருள்களிலிருந்து தம்மைக் காத்துக் கொள்வதற்கும் வேண்டிய பொருள்கள் உருவாக உதவுகின்றது. இம்மூன்றும் தயமின் இன்றேல் முடங்கும்.

இத்துணைப் பெரிய பணியைச் செய்யும் தயமின் நமக்கு நாளொன்றிற்கு வேண்டப்படும் அளவோ ஆண்களுக்கு 1.2 மில்லிகிராம், பெண்களுக்கு 1.1 மில்லிகிராம் மட்டுமே. நம் உடல் இதனைத் தானே ஆக்கிக் கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். உடலிலுள்ள மொத்த இருப்பும் ஏறத்தாழ 30 மில்லிகிராமே. வரவு அடியோடு நின்றுவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் இவ்விருப்பு கரைந்து போகும். கொழுப்பில் கரையும் ஏ உயிர்ச்சத்தைப் போல மாதக்கணக்கிற்குத் தேக்கி வைத்துக் கொள்ள இஃது இடந்தருவதில்லை.

அரிசித் தவிடு தந்த அறிவு

தயமினின் வரலாறு அரிசியுண்ணும் ஆசிய நாடுகளில் தொடங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சாவகத்தீவில் பெரிபெரி என்னும் நோய் படைவீரர்களையும் சிறைக்கைதிகளையும் வாட்டியது. கால்கள் மரத்தும் வீங்கியும் போய், இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். அங்குப் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர், தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை உண்ட கோழிகளுக்கும் அதையொத்த நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டால் அது நீங்குவதையும் கண்டார். நோய்க்குக் காரணம் கிருமி என்றே தேடிக் கொண்டிருந்த காலம் அது. உணவில் இருக்கும் ஒன்று கேடு செய்வது போலவே, இல்லாத ஒன்றும் கேடு செய்யும் என்னும் கருத்து அங்கிருந்துதான் வேர் விட்டது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

1926இல் யான்சன், டோனாத் என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து இச்சத்தைப் படிக வடிவிற் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க வேதியியலறிஞர் அதன் அமைப்பைக் கண்டறிந்து செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினார். இவர் 1886இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரிற் பிறந்தவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்பார் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓரறையிலே பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். நாளடைவில் வளர்ந்த அவ்வாய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகின்றது. சென்னை மாகாணத்தின் வடகரையோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே பெரிபெரி மிகுந்திருந்தது; புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அஃது அரிதாகவே காணப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்திற் சென்று தங்கி விடுகின்றது. பின்னர்த் தவிட்டைத் தீட்டி நீக்கினாலும் அது முற்றிலும் போவதில்லை. நம் முன்னோர் கைக்கொண்ட நெல் அவிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நரம்புகளைக் காத்து வந்துள்ளது.

பெரிபெரி கால்களையும் இதயத்தையும் தாக்கும் நோய் என்றே பலரும் எண்ணியிருந்தபோது, அதன் வேர் மூளையின் வேதியியலிலும் உண்டெனக் காட்டியவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் ருடால்ப் பீட்டர்ஸ் ஆவார். 1930களில் அவரும் அவர்தம் உடனாய்வாளரும் தீட்டிய அரிசியை மட்டுமே உண்ட புறாக்களை ஆராய்ந்தனர். அப்புறாக்களின் தலை பின்னோக்கி வளைந்து இழுபடும். அவற்றின் மூளையில் லாக்டிக் அமிலம் மிகுந்திருந்தது. மூளைத் திசு ஆக்சிஜனை ஏற்பது குறைந்திருந்தது. அத்திசுவைச் சோதனைக் குழாயில் இட்டுத் தயமினைச் சேர்த்ததும் ஆக்சிஜன் ஏற்பு மீண்டும் உயர்ந்தது. நுண்ணோக்கியிற் பார்த்தால் அணு சிதையவில்லை. ஆயினும் அதன் வேதிவினை பழுதுபட்டிருந்தது. இதனைப் பீட்டர்ஸ் ‘உயிர்வேதியியற் காயம்’ எனப் பெயரிட்டழைத்தார். அணு இறந்துபடுமுன் மருந்து சேர்ந்தால் அக்காயம் ஆறும். காலந்தாழ்த்தினால் அணுவே அழியும். இந்நோயைப் பற்றி நாம் அறிய வேண்டுவனவற்றுள் தலையாயது இதுவே.

மது செய்யும் ஐந்து கேடுகள்

இனி, மது இச்சத்தை எவ்வாறு பறிக்கின்றது என்பதைக் காண்போம்.

முதலாவது, உணவைப் புறந்தள்ளுதல். ஒரு கிராம் மதுச்சாரம் 7 கலோரி தரும். ஒரு கிராம் மாவுப்பொருள் தருவது 4 கலோரியே. எனவே மிகுதியாகக் குடிப்பவருக்குப் பசி அடங்கி விடுகின்றது. ஆனால் வடித்தெடுத்த மதுவில் தயமின் இல்லை. வயிறு நிறைந்தது போன்ற மயக்கத்தில் உடல் வறியதாகின்றது. குடிக்கே கூலி முழுவதும் செலவாகும் ஏழைக்கு இக்கேடு இருமடங்கு.

இரண்டாவது, உறிஞ்சுதல் குறைதல். சிறுகுடலின் சுவரில் தயமினை உள்ளே ஏற்றிச் செல்லும் புரதங்கள் உள்ளன. மது இவற்றின் செயலைத் தடுக்கின்றது. ஆகவே உண்ட சிறிதளவு உணவிலுள்ள தயமினும் முழுமையாக இரத்தத்திற் சேர்வதில்லை.

மூன்றாவது, சேமிப்புக் குறைதல். கல்லீரல் பழுதுறும்போது அது தேக்கி வைக்கும் தயமினின் அளவும் குறைகின்றது.

நான்காவது, செயல்வடிவம் பெறாமை. உண்ட தயமின் அப்படியே பயன்படுவதில்லை. அது தயமின் பைரோபாஸ்பேட்டாக மாறினால்தான் நொதிகளோடு சேரும். இம்மாற்றத்திற்கும், மாறியபின் அந்நொதிகள் இயங்குவதற்கும் மக்னீசியம் தேவை. மது சிறுநீர் வழியே மக்னீசியத்தை வெளியேற்றி விடுகின்றது.

ஐந்தாவது, இழப்பு மிகுதல். அடிக்கடி நேரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் எஞ்சியதையும் கொண்டு செல்கின்றன.

வரவு குன்றி, சேமிப்பும் சுருங்கி, இருப்பதும் பயன்படாது போகும்போது, 30 மில்லிகிராம் இருப்பு எத்தனை நாள் தாங்கும்?

மூளைக்குள் நிகழ்வது

தயமின் குறைந்தவுடன் மூளையணுவிற்குக் குளுக்கோஸ் வருவது நிற்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை இருக்கின்றது, அஃது அணுவுக்குள்ளும் செல்கின்றது, பைருவேட்டாகவும் உடைகின்றது. ஆனால் வாயிலிலுள்ள நொதி முடங்கியமையால் அப்பால் செல்ல வழியில்லை. தேங்கிய பைருவேட் லாக்டிக் அமிலமாக மாறுகின்றது. சிட்ரிக் அமிலச் சுழற்சி தளர்கின்றது. ஏ.டி.பி. குறைகின்றது. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் அடுப்பு மூட்ட வழியில்லாத வீட்டின் பட்டினி இது.

ஆற்றல் குறைந்த நரம்பணுவால் உப்புகளின் சமநிலையைக் காக்க இயலாது. அது நீர் கோத்து வீங்குகின்றது. செய்தி கடத்தப் பயன்படும் குளுடமேட் என்னும் பொருள், மீண்டும் உள்ளிழுத்துக் கொள்ளப்படாமல் அணுக்களுக்கு வெளியே தேங்கி நச்சாக மாறுகின்றது. அதன் தூண்டுதலால் கால்சியம் மிகுதியாக அணுவுக்குள் புகுந்து அதனை அழிக்கின்றது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து சிறு சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றுகின்றன.

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. ஆற்றல் செலவு மிகுந்த சில பகுதிகளே முதலில் வீழ்கின்றன. மூளையின் நடுவே உள்ள தாலமஸின் உட்பகுதி, அதன் கீழே இரு சிறு பட்டாணிகள் போல் அமைந்துள்ள மாமில்லரி உருண்டைகள், மூளைத்தண்டில் கண்ணசைவை ஆளும் நரம்பணுத் தொகுதிகள், சிறுமூளையின் நடுப்பகுதி ஆகியன அவை. தாலமஸும் மாமில்லரி உருண்டைகளும் நினைவைப் பதிக்கும் சுற்றுவழியைச் சேர்ந்தவை. சிறுமூளை நடையின் சமநிலையைக் காப்பது. எந்தப் பகுதி வீழ்கின்றதோ அதன் பணியும் வீழ்கின்றது. நோயின் அறிகுறிகள் யாவும் இதிலிருந்தே விளங்கும்.

இரு மருத்துவர் கண்ட ஒரு நோய்

1881இல் செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கி மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கண்ணசைவு தடைப்பட்டு, நடை தள்ளாடி, மனம் குழம்பியிருந்தது. மூவரும் மாண்டனர். இம்மூன்று அறிகுறிகளும் சேர்ந்த கடுநோய் அவர் பெயராலேயே வெர்னிக்கி மூளைநோய் எனப்படுகின்றது.

1887இல் மாஸ்கோவைச் சேர்ந்த செர்கேய் கோர்சகாவ் வேறொரு நிலையைக் குறித்தார். அந்நோயாளிகள் தெளிவாகவே பேசினர். பழைய நிகழ்ச்சிகள் பலவற்றைச் சொல்லினர். ஆனால் சற்றுமுன் நிகழ்ந்தது அவர்கள் மனத்திற் பதிவதில்லை. காலையில் கண்ட மருத்துவரை மாலையில் புதியவராகக் கருதுவர். நினைவில் விழுந்த இடைவெளிகளை நிகழாத நிகழ்ச்சிகளால் நிரப்புவர். ‘நேற்று எங்கே இருந்தீர்?’ என வினவினால், மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடப்பவர், ‘சந்தைக்குச் சென்று மாடு பிடித்து வந்தேன்’ என்று விரிவாக விடையிறுப்பார். இதனைப் பொய் எனக் கொள்ளலாகாது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கில்லை. தாம் சொல்வதை அவரே நம்புகின்றார்.

இவ்விரண்டும் ஒரே நோயின் இரு நிலைகள் என்பதும், இரண்டிற்கும் வேர் தயமின் குறைவே என்பதும் பின்னரே தெளிவாயின. முன்னது கடுநிலை, உடன் மருத்துவம் செய்தால் மீளக்கூடியது. பின்னது அதன் வழிவரும் நாட்பட்ட நிலை. பெரும்பாலும் முழுமையாக மீளாதது. 1971இல் விக்டர், ஆடம்ஸ், காலின்ஸ் ஆகியோர் 245 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படை நூலாகப் போற்றப்படுகின்றது. கடுநிலையிலிருந்து உயிர் பிழைத்தோரில் மிகப் பலருக்கு நினைவிழப்பு எஞ்சியதை அவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மூன்று அறிகுறிகளும் சேர்ந்து தோன்றினால்தான் இந்நோய் எனக் காத்திருத்தல் தவறு. 1986இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வொன்று, இறந்தபின் மூளையை அறுத்துச் சோதித்து இந்நோய் உறுதி செய்யப்பட்ட 131 பேரின் மருத்துவக் குறிப்புகளைத் திரும்பப் பார்த்தது. அவர்களுள் மூன்று அறிகுறிகளும் பதிவாகியிருந்தோர் 16 விழுக்காட்டினரே. உயிரோடிருந்தபோது நோய் கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர். மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே ஐவரில் நால்வருக்கு இந்நோய் தெரியாமற் போயிற்று என்றால், அதன் மறைவை என்னென்பது!

மது இல்லாமலும் வரும்

‘குடித்தான், அதற்குரிய பயனைத் துய்க்கின்றான்’ என்று கூறி அமைவோர் உண்டு. அவர்கள் வெர்னிக்கியின் மூன்றாம் நோயாளியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். முதலிருவரும் குடிகாரர்கள். மூன்றாமவரோ 20 வயதுடைய தையற்காரப் பெண். கந்தக அமிலத்தை விழுங்கியமையால் இரைப்பையின் வாய் சுருங்கி, தொடர்ந்த வாந்தியால் உணவு தங்காமற் போனவர். அவருக்கு நேர்ந்ததும் இதே நோய்தான். கோர்சகாவின் நோயாளிகளுள்ளும் மது அருந்தாதோர் இருந்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. சிறைப்பட்ட படைவீரர்களுக்குத் தீட்டிய அரிசியே பெரும்பாலும் உணவாயிற்று. சில வாரங்களிலேயே அவர்களிடம் கண்ணசைவுக் கோளாறும் மனக்குழப்பமும் தோன்றின. கைதிகளுள் ஒருவராயிருந்த மருத்துவர் டி வார்டனர், லென்னாக்ஸ் என்பாருடன் சேர்ந்து இத்தகைய 52 நோயாளிகளைப் பற்றிய குறிப்பை 1947இல் வெளியிட்டார். அச்சிறையில் மதுவுக்கு இடமில்லை. வயிற்றுக்கடுப்பும் அரைவயிற்று வெள்ளரிசிச் சோறுமே இருந்தன. கிடைத்த சிறிதளவு தயமினைக் கொடுத்தபோது நோய் தணிந்தது.

கருவுற்ற காலத்தில் ஓயாது வாந்தியெடுக்கும் பெண்கள், நீண்ட நாள் உணவின்றிக் கிடந்தோர், உடல் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்து கொண்டோர் ஆகியோருக்கும் இந்நோய் வருவதுண்டு. மதுவிற்குத் தனியே மூளையைக் கெடுக்கும் இயல்பு உண்டென்பதில் ஐயமில்லை. ஆயினும் நாம் இங்குப் பேசும் இக்குறிப்பிட்ட அழிவு உயிர்ச்சத்தின் இன்மையால் வருவது. மூளையணு ஒழுக்கம் பார்த்து மடிவதில்லை. நாமும் ஒழுக்கம் பார்த்து மருந்தளித்தல் தகாது.

சர்க்கரைக்கு முன் தயமின்

மயங்கிக் கிடப்பவருக்கு ‘குளுக்கோஸ் ஏற்றுதல்’ நம் ஊர்களில் வழக்கம். ‘இரண்டு பாட்டில் ஏற்றினால் தெளிந்து விடும்’ என உறவினரே கேட்டு வாங்குவதும் உண்டு. தயமின் வறண்ட உடலில் இதுவே தீங்காகலாம். குளுக்கோஸ் எரிவதற்குத் தயமின் தேவை என மேலே கண்டோம். தயமின் ஏறத்தாழத் தீர்ந்துபோன நிலையில் சர்க்கரை மட்டும் வெள்ளமாய்ப் புகுந்தால், எஞ்சிய துளித் தயமினும் செலவாகி, மறைந்திருந்த நோய் வெளிப்பட்டு விடும். எனவே நாட்பட்ட குடியரென ஐயுறத்தக்கவருக்குக் குளுக்கோஸ் தருமுன்போ அதனுடன் சேர்த்தோ தயமின் தருதல் வேண்டும் என்பது மருத்துவ நெறி. சர்க்கரை அளவு ஆபத்தான வகையில் தாழ்ந்திருப்பின் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதிக்கலாகாது என்பதும் அந்நெறியின் மறுபாதியாகும்.

கடுநிலையில் மாத்திரை போதாது. குடல் அதனை ஏற்பதில்லை. ஊசி வழியாக, நாளொன்றிற்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளவில் மருத்துவமனையில் தரப்படுகின்றது. மக்னீசியமும் குறைந்திருந்தால் அதனையும் ஈடு செய்வர். உரிய காலத்தில் தந்தால் கண்ணசைவு சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சீராகத் தொடங்கும். நடை தேற வாரங்கள் ஆகும். நினைவு தேறுவதோ எல்லாவற்றிலும் கடினம். முந்திய ஒரு நாளின் மதிப்பு பிந்திய ஓராண்டிற்கும் இல்லை.

நாம் செய்யத்தக்கவை

நாடு தழுவிய அளவிலும் இந்நோயைத் தடுக்க இயலும். ஆஸ்திரேலிய அரசு 1991 முதல் ரொட்டி செய்யும் கோதுமை மாவில் தயமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள் இந்நோய் குறைந்திருப்பதைக் காட்டின. குடிப்பவர், குடியாதவர் எனப் பிரிக்காது எல்லார்க்கும் பொதுவான உணவின் வழியே வந்த காப்பு அது.

வீட்டளவில் நாம் செய்யக்கூடியவையும் பல. புழுங்கலரிசி, தவிடு முற்றும் நீங்காத தானியங்கள், பயறு வகைகள், நிலக்கடலை, எள் ஆகியவற்றில் தயமின் நிரம்ப உண்டு. அரிசியைப் பலமுறை கழுவிக் களைந்து, சோறு வடித்த கஞ்சியைக் கொட்டி விடும்போது நீரிற் கரையும் இச்சத்தும் உடன் போகின்றது. குடியை விட இயலாது தவிப்பவரின் தட்டிலும் இவ்வுணவு இருத்தல் வேண்டும். ‘குடித்து வந்தவனுக்குச் சோறு இல்லை’ என்னும் தண்டனை அவரது குடியைத் திருத்துவதில்லை. மூளையை மட்டுமே தண்டிக்கின்றது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் பிதற்றலும் உண்டாகலாம். ஆதலின் மருத்துவர் துணையோடு நிறுத்துதலே நன்று. அப்போது தயமினைப் பற்றி மருத்துவரிடம் நாமே நினைவூட்டிக் கேட்பதில் தவறில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது மறைப்பை நீக்குதல். மதுவை விலக்கப்பட்டதெனக் கொள்ளும் நம் சமுதாயம் போன்றவற்றில், குடியர் குறைவாயினும் மறைப்பு மிகுதி. வீட்டில் ஒருவர் குடிக்கின்றார் என்பது வெளியே தெரியலாகாதென்று, தள்ளாடும் நடையையும் தடுமாறும் பேச்சையும் கதவடைத்துக் காப்பர். மருத்துவமனைக்குச் சென்றாலும், ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்னும் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடையளிப்பர். அந்த ஒரு சொல்லால் தயமின் தரப்படாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றப்படலாம். குடும்பத்தின் மானத்தைக் காக்கும் என எண்ணிச் சொல்லும் அச்சொல், அக்குடும்பத்தின் தந்தையையோ மகனையோ தன் பிள்ளைகளின் பெயரும் நிலைக்காத மனிதராக ஆக்கி விடக்கூடும். மருத்துவரிடம் உண்மை உரைத்தல் குடியை ஏற்பதாகாது; ஓர் உயிரைப் பேணுவதேயாகும்.

ஆகவே மாணவர்களும் ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோரும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். நெடுநாள் குடித்த ஒருவர், குடியாத வேளையிலும் தள்ளாடினால், கண்கள் நிலையின்றி ஆடினால், இரட்டைக் காட்சி தெரிவதாகச் சொன்னால், நாளும் இடமும் அறியாது குழம்பினால், விடியட்டும் எனக் காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவரது குடிப்பழக்கத்தையும், அவர் சரியாக உண்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் ஒளியாது உரையுங்கள். கண்டிப்பதற்கும் திருத்துவதற்கும் பின்னர்க் காலமுண்டு. அதனைக் கேட்டு நினைவில் வைத்துக் கொள்ளும் மூளை அவருக்கு அப்போதும் இருத்தல் வேண்டும்.